வேட்டியை இறக்காத செல்லசாமி

எங்கள் முதியோர் இல்லத்துத் தாழ்வாரத்தில் நான் நடந்து வந்தால், எதிரே வருகிற ஆண்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுவார்கள். மதிப்புக்குரியவர் எதிர்ப்பட்டால் வேட்டி கணுக்காலைத் தொட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பொன்னுதாஸ், பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவன். திருப்புறத்தில் இருக்கிற இந்த இல்லத்தில் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுக்கும் பல் கொட்டிவிட்டது, ஆனாலும் சார் சார்தான்; எங்கள் பக்கத்துப் பேச்சில் சாறு. இந்த ஒரு சுகத்துக்காகவே காலையில் தேவைக்கு அதிகமாக நடப்பேன். டாக்டர் சொன்ன நடை என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.

சென்ற ஆண்டு இங்கே விழுகிறவர்கள் அதிகமானார்கள். நர்ஸ் ஷீஜா அதைத் தடுக்க ஒரு குழு அமைத்தாள். தலைவர் யார் என்று கேட்கவும் வேண்டுமா? நான் சும்மா இருக்கவில்லை. சுவரோரம் கைப்பிடிக் கம்பி போடவைத்தேன். குளியலறையில் வழுக்காத பாய் விரிக்கவைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து, "கம்பியிலேருந்து கை எடுக்கப்படாது, வாக்கர்லேருந்து கை எடுக்கப்படாது" என்று பழைய வகுப்புக் குரலில் முழங்கினேன். முன்வரிசையில் சரசம்மா நன்றாகத் தூங்கினாள்.

விழுவது நிற்கவில்லை. அதுவும் தாழ்வாரத்தில், நான் நடக்கிற நேரத்தில். விழுந்தவரை முதலில் பார்ப்பதும் நானாகவே இருந்தேன். "சாறு நடக்காம இருந்தா இவங்கள ஆரு பாக்க?" என்றாள் ஷீஜா. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செல்லசாமியை நினைத்தால்தான் பயமாக இருந்தது. கூரை ஏறி ஓடு மாற்றும் வேலை பார்த்தவன் அவன். அங்கிருந்தெல்லாம் விழாதவன், இங்கே சமதரையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டான். ஆபரேஷன் ஆயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு இருக்கிற ஒரே ஆசை, வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே பிரேமகுமாரியின் சாயக்கடைக்குப் போய்ப் பால் விடாத கட்டன் சாயா குடிப்பது. இல்லத்துச் சாயாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நான் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

ஒருநாள் காலை அவன் வாக்கரோடு எதிரே வந்தான். நடக்க வசதியாக வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான்.

"எலே செல்லசாமி" என்று கூப்பிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கையும் வாக்கரை விட்டுவிட்டு இடுப்புக்குப் போயின. வேட்டி இறங்கிக் காலில் சுற்றியது. வாக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தோள் சுவர்க் கம்பியில் மோதியதால் விழாமல் தப்பினான். அந்தத் தடுமாற்றத்திலும், "நமஸ்காரம் சாறே" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழுக்குகிற இடத்தைத் தேடித் தரையெல்லாம் தடவிப் பார்த்த குழுத் தலைவர், அந்த இடமே தான்தான் என்று தெரியாமல் இத்தனை நாள் உலாத்தியிருக்கிறார்.

"எனக்க முன்ன இனி முண்டு எறக்கப்படாது" என்றேன்.

"செரி சாறே" என்றான். மறுநாளும் கை இடுப்புக்குப் போயிற்று. "அது தானா போவுதாக்கும் சாறே. நான் என்ன செய்ய?"

அறைக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று ஒருநாள் முழுக்க இருந்து பார்த்தேன். ஒருவரும் தேடவில்லை. அது ரொம்ப வலித்தது.

அடுத்த நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். தலைமையாசிரியர் ஆனதிலிருந்து நாலு பேர் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டியவனில்லை நான். அன்றைக்கு முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். செல்லசாமியின் கை வாக்கரை விட்டு எழுந்தது. என் காலைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"சாறே, காலு முருங்கைக்காயாக்கும்" என்றான்.

தாழ்வாரமே சிரித்தது. எப்போதும் தூங்குகிற சரசம்மாவும் விழித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் செல்லசாமியின் கை வாக்கருக்குத் திரும்பியிருந்தது.

இப்போது எனக்காக யாரும் வேட்டியை இறக்குவதில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் யாரும் விழவில்லை.

போன வாரம் செல்லசாமியும் நானும் சாயக்கடைக்குக் கிளம்பினோம். வாசல் சரிவில் கம்பியைப் பிடித்து இறங்கும்போது, ஞாயிறு ஆராதனை நடத்துகிற போதகர் காரிலிருந்து இறங்கி எதிரே வந்தார். என் கை கம்பியை விட்டு இடுப்புக்குப் பறந்தது. கால் லேசாகச் சறுக்கியது.

"கை எடுக்கப்படாது" என்று பின்னாலிருந்து ஓர் அதட்டல். என் வகுப்புக் குரல் அப்படியே செல்லசாமியின் வாயிலிருந்து வந்தது.

பையனைப் போல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முருங்கைக்காய் இரண்டையும் காட்டிக்கொண்டே போதகருக்கு வணக்கம் சொன்னேன். அவர் சிரித்தபடி வழிவிட்டார். பின்னால் வந்த செல்லசாமி வாக்கரைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து, எனக்கு முன்னால் கேட்டைத் தாண்டினான். அவன் நடந்து போவதைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எதுக்கு நிக்குதிய சாறே? வாரும், சாயா ஆறிப் போவும்" என்றான்.

வாறேன் என்று சொல்லிவிட்டு, கம்பியை விடாமல் இறங்கினேன்.