பிளாஸ்டிக்குக்குள் சைக்கிள்காரி

பிரான்ஸ் நாட்டுப் பழைய போஸ்டர் என்றால் எனக்குப் பைத்தியம். வல்லம் வடகாலில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் நிறம் சரிபார்ப்பது என் வேலை. அச்சில் நிறமாகத் தெரிவதெல்லாம் பொடிப்புள்ளிகள்தான்; நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியில் வரிசை வரிசையாக அந்தப் புள்ளி பார்க்கிறவளுக்கு, அந்த வரிசையே இல்லாத அச்சு ஒன்று இருந்தது என்று தெரிந்தால் பைத்தியம் பிடிக்காதா? கல்லின்மேல் மெழுகுக் கட்டியால் வரைவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுப்பார்கள். சோப்பு, சாராயம், சைக்கிள் விற்கத்தான் அத்தனை பாடும். ஒட்டிய சுவரிலேயே மழையில் கிழிந்து போகவேண்டிய காகிதம். அதையும் உரித்துக்கொண்டு போக ஆசைக்காரர்கள் கிளம்பியதும், வீட்டில் வைத்துக்கொள்ளச் சின்ன அளவிலும் அச்சடித்தார்கள்.

அந்தச் சின்னப் பிரதிகளில் ஒன்றுதான் என்னுடையது. இணைய ஏலத்தில் புது நகல்களை வாங்கி ஏமாந்து, வாய்விட்டுத் திட்டி, கடைசியில் கிடைத்த அசல். மஞ்சள் பாவாடை பறக்க ஒருத்தி சைக்கிள் ஓட்டுவாள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் கல்லின் சொரசொரப்பு அப்படியே தெரியும். "இந்த வூட்ல இவளுக்குத்தான் மரியாதை" என்பார் என் வீட்டுக்காரர்.

வடக்குப்பட்டில் எங்கள் வீடு மழைக்கு ஒழுகும். ஒருநாள் நான் ஷிஃப்டில் இருந்தபோது சுவரில் ஈரம் இறங்குவதைப் பார்த்தவர், அவளை வாலாஜாபாத்துக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அருமையான காகிதத்துக்குச் செய்கிற மரியாதை அதுதான். கம்பெனிக்கு நிலம் போன வீடுகளில், செல்லாத பட்டாவைக்கூடப் பிளாஸ்டிக் போட்டு வைத்திருப்பார்கள்.

"இன்னா அப்டிப் பாக்குற? இனிமே வெள்ளமே வந்தாலும் இவளுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

சூட்டில் பசை உருகிக் காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. கல்லின் சொரசொரப்பெல்லாம் பளபளப்புக்கு அடியில் போய்விட்டது. பூரித்துப்போன அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல? "நல்லா கீதுய்யா" என்றேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதன்பின் அவளைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவே இல்லை.

அடுத்த வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வீடு வெறிச்சென்று ஆனதும், அவளையாவது மீட்டுவிட வேண்டும் என்று வெறி பிடித்தது. சென்னையில் பழைய காகிதங்களைச் செப்பனிடுகிற ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"மருந்து விட்டு மெதுவா உரிச்சுடலாம் மேடம். மஞ்சள் கொஞ்சம் போகும். ஆனா படம் பொழைச்சுக்கும்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"இங்க யாரோ அழுக்குக் கையால புடிச்சிருக்காங்க. பிளாஸ்டிக்க உரிச்சா அதுவும் கூடவே வந்துடும், கவலைப்படாதீங்க" என்று ஓரத்தைக் காட்டினார்.

அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்கு அடியில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. என் வீட்டுக்காரர் டயர் கம்பெனியில் ரப்பரோடு கரித்தூள் கலக்கும் பிரிவில் இருந்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் ஏறிய கறுப்பு போகாது. சாப்பாட்டுத் தட்டில் அந்தக் கையைப் பார்த்து எவ்வளவோ திட்டியிருக்கிறேன். மெஷினுக்குள் காகிதம் கோணாமல் போகவேண்டுமே என்று கடையில் அவரேதான் பிடித்திருக்க வேண்டும்.

"இது மட்டும் இருக்கட்டும் சார். மத்ததை எடுத்துடுங்க."

"இது மட்டும் நிக்காதுங்க மேடம்."

அவளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரகடம் வந்து இறங்கும்வரை அந்த ரேகைமேல் என் கட்டைவிரலை வைத்திருந்தேன். நடுவில் பிளாஸ்டிக் இருந்தது.