நாணலுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், வாதாட எனக்குத் தெம்பில்லை. இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் கயிறு திரிக்கிற ஆள் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, காடும் குளமும் சதுப்பு நிலமும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவள் பிழைப்பு. கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு சதுப்பு நிலம். செயற்கைக்கோள் படங்களில் அது வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதல் படத்தில் பாய் விரித்த மாதிரி கிடந்த நீலம், கடைசிப் படத்தில் கைக்குட்டை அளவு. லாரி லாரியாக மண்ணைக் கொட்டிச் சுற்றிலும் மேடாக்கிவிட்டார்கள். நடுவில் கொஞ்சம் நாணல் மட்டும் பாக்கி. அங்கே ஒரு நீர்நாய்க் குடும்பமாவது இருக்கிறது என்று காட்டினால் அந்த நாணல் பிழைக்கும். இல்லாவிட்டால் அதையும் மூடிவிடுவார்கள்.

அதைத் தேடித்தான் அன்று சாயங்காலம் ட்ரோனோடு போனாள். ட்ரோன் ஓட்டுகிறவர் கூட வந்தார். நல்ல கனத்த ஆள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கேப்டன்’. விமானத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவர் என்பதால் வைத்த பட்டம்.

வெயில் இறங்கித் தரை குளிர்ந்ததும், சூடான உடம்பு மட்டும் வெப்பக் கேமராவில் வெள்ளையாகத் தெரியும். மேல்மூடி இல்லாத ஜீப்பில் உட்கார்ந்து அக்கா திரையைப் பார்த்தாள். ட்ரோன் ‘ஙொய்ங்ங்…’ என்று நாணலைச் சுற்றியது.

கறுப்பு. எல்லாம் கறுப்பு.

“ஒரு எலிகூட இல்லையே, கேப்டன்.”

“குடும்பத்தோட வெளியூர் போயிருக்கும், மேடம். இருங்க, இன்னொரு ரவுண்டு பாத்துடலாம்.”

இரண்டாவது சுற்றில், நாணலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. சுருண்டு படுத்த மாதிரி. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் போயி போட்டோ எடுத்துட்டு வரேன்” என்று ட்ரோனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, வாக்கிடாக்கியோடு கேப்டன் இறங்கினார்.

திரையில் அவர் வெள்ளை உருவமாக நடந்தார். புள்ளியை நெருங்கினார். குனிந்தார்.

புள்ளி அணைந்தது.

அவர் உருவம் அப்படியே படுத்துவிட்டது.

“கேப்டன்! என்னாச்சு?”

‘கர்ர்ர்…’

அக்கா கையிலிருந்த வாக்கிடாக்கி இரைந்தது.

“போலாம், மேடம்.”

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்து சீட்டில் கேப்டன். அவர் ஏறினால் ஜீப் ஒரு பக்கம் சாயும். சாயவில்லை. கால்சட்டையில் பொட்டுச் சேறு இல்லை.

“எப்ப வந்தீங்க? அங்க… படுத்திருக்கறது யாரு?”

“யாருமில்ல.”

‘கர்ர்… கர்ர்…’ வாக்கிடாக்கியில் யாரோ மூச்சு வாங்கினார்கள். அவர் கையை நீட்டி அதை அணைத்தார்.

பேட்டரி குறைந்த ட்ரோன் தானாகவே திரும்பி வந்தது. ஜீப்பின் தலைக்கு மேல் நின்றது.

அக்கா திரையைப் பார்த்தாள்.

ஜீப் தெரிந்தது. அவள் தெரிந்தாள்… வெள்ளையாக.

பக்கத்து சீட்…

கறுப்பு.

வண்டி கிளம்பியது. அவர்தான் ஓட்டினார். வழி முழுக்க அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் பொறுத்து, கேப்டன் மனைவிக்குப் போன் செய்தாள்.

“அவரா? அப்பவே வந்துட்டாரே. சாப்பாடு வேணாம்னு படுத்துட்டாரு.”

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேமராதான் கோளாறு, நாம்தான் பயந்து செத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு தூங்கினாள்.

காலையில் மண் லாரிக்காரர்கள் கேப்டனைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள். நாணலுக்குள்ளே, இடுப்புவரை சேற்றில். ஜீப் அவர் வீட்டு வாசலில் நின்றது.

“ராத்திரி பூரா எம் பக்கத்துலதான் படுத்திருந்தாரு” என்று அவர் மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். “உடம்பு ஐஸ் மாதிரி இருந்துச்சு. ரெண்டு போர்வை போத்திவிட்டேன்.”

நீர்நாய் இல்லை என்று அக்காவே எழுதிக்கொடுத்தாள். நாணலை மூடிவிட்டார்கள். அவர் ஆவிதான் கடைசியாக வீடு பார்க்க வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள், பரிசோதித்த டாக்டரைப் பார்க்கும்வரை.

“சாயங்காலம் சாகலம்மா” என்றார் டாக்டர். “விடியற வரைக்கும் உயிர் இருந்திருக்கு. யாராவது தேடி வந்திருந்தா பொழைச்சிருப்பாரு.”

ஆனால் யாரும் தேடவில்லை. அவர்தான் வீட்டுக்கு வந்துவிட்டாரே…