என் பிள்ளையை அழ வையும், ஆண்டவரே

எந்தத் தாயாவது தன் பிள்ளை அழ வேண்டும் என்று ஜெபிப்பாளா? நான் ஜெபித்தேன். ஒஸ்திரேலியாவில், பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பதும் தெரியாமல், அதைத்தான் கேட்டேன். நம் சபையில் பலருக்கு இந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். அரைகுறைக் கதைக்குக் கால் முளைக்கும் என்பதால் முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஷாலினி அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்தில் இருக்கிறாள். படிக்கப் போன இடத்தில் மார்க்கஸைச் சந்தித்து மணம் முடித்தாள். மார்க்கஸ் கறுப்பினத்துப் பிள்ளை. கலியாணத்தின்போது நம் ஆட்கள் என்னென்ன கதைத்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். கதைத்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அவன் மகன். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவான், அதுவும் அழுத்தி, இரண்டு மகரத்துக்கும் மரியாதை கொடுத்து.

அவன் பள்ளிக்கூட ஆசிரியர். தேர்தல் காலம் வந்துவிட்டால் வீட்டில் ஆள் இருக்காது. தங்கள் சபையின் வான் வண்டியை எடுத்துக்கொண்டு, வாகனம் இல்லாதவர்களையும் நடக்க முடியாதவர்களையும் வாக்களிக்க ஏற்றிப் போவான். போன வருடம் ஷாலினிக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அவளுடைய முதல் வாக்குக்குத் தானே கூட்டிப் போவேன் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒக்டோபர் நடுப்பகுதியில், வகுப்பில் படிப்பித்துக்கொண்டு நின்றவன் விழுந்தான். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆண்டவரே, அந்த நாளை இன்றும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

என்னால் போக முடியவில்லை. என் கணவருக்குக் கிழமைக்கு மூன்று முறை டயலிசிஸ். அவரை விட்டுப் போனால் கொண்டுபோய் இறக்க ஆளில்லை. என் மருமகனின் அடக்க ஆராதனையை இங்கிருந்து போனில் பார்த்தேன். ஷாலினி பெட்டிக்குப் பக்கத்தில் நேரே நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகும் அவள் அழவில்லை. சாப்பிடவில்லை. நான் எதைக் கேட்டாலும் "ஐ ஆம் ஓகே அம்மா." வங்கிக்கு போன் எடுத்தால் பதிவு செய்த குரல் ஒன்று பேசுமே, அந்தக் குரல். ஒரு நாள் மட்டும் வேறு பதில் வந்தது. "அம்மா, எனக்கு இனி எழும்பவே விருப்பமில்லை." இவளையும் இழந்துவிடப் போகிறேன் என்று பயந்தேன்.

வேத வசனம் அனுப்பியவர்கள் பலர். நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஓர் ஆள், அவளுடைய கதவைத் தட்ட ஓர் ஆள். "என் பிள்ளையை அழ வையும், ஆண்டவரே. என்னால் போக முடியாது. யாரையாவது அனுப்பும்." வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை விடியக்காலை, கணவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கார் தரிப்பிடத்தில் இருந்தேன். ஷாலினிக்கு அது ஞாயிறு பிற்பகல். அவளே எனக்கு போன் எடுத்தாள்.

"அம்மா, சேர்ச் ஆக்கள் வந்து நிக்கினம். வோட் பண்ணக் கூப்பிடினம். என்னால ஏலாது. நீங்களே சொல்லுங்கோ."

போனை அவர்களிடம் கொடுத்துவிட்டாள். மிஸ் டெலோரிஸ் என்ற அம்மா பேசினார். அங்கே எழுபது வயதுக்காரியையும் மிஸ் என்பார்கள். நாங்கள் அன்ரி என்பது போல. நான் என் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன்: எங்கள் வழக்கப்படி, முப்பத்தோராம் நாள் முடியும் வரை செத்த வீட்டுக்காரர் வெளியே போவதில்லை. வேதக்காரரான நாங்கள் துடக்கு, தீட்டுப் பார்ப்பதில்லை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அந்த முப்பத்தொன்றை மட்டும் விடமாட்டோம். ஆள் அனுப்பும் என்று கேட்டவளே, வந்த ஆளைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

மிஸ் டெலோரிஸ் கோபிக்கவில்லை. தன் தாய் வாக்காளராகப் பதியப் போனபோது, கறுப்பினத்தவர் என்பதற்காக, யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்டு விரட்டினார்களாம். அந்த அம்மா திரும்பத் திரும்பப் போனாராம், ஆனால் ஒருநாளும் தனியாகப் போகவில்லையாம். அதனால், தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்க விடும் இந்த ஞாயிறில், ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் சேர்ந்து போகும். துக்க வீட்டுக்காரரை நடுவில் விட்டுச் சுற்றி நடக்கும். "அவளை நாங்கள் கொண்டுபோய்க் கொண்டுவருவோம். நீங்களும் போனில் கூட வாருங்கள்" என்றார்.

யுத்த காலத்தில் எங்கள் ஊரில் வாக்களிக்கப் போன ஆள் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் எனக்கு நினைவு வந்தது. "பிள்ளை, போட்டு வா" என்றேன்.

போனை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோக விடமாட்டார்களாம். மிஸ் டெலோரிஸ் முதலே வாக்களித்துவிட்டதால், வெளியே ஒரு கதிரையில் இருந்து என்னைக் கையில் பிடித்துக்கொண்டார். வரிசை நீளம். அவர் மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

திடீரென்று உள்ளே பெரிய கைதட்டல். நான் பயந்துபோனேன். யாராவது முதல் முறை வாக்களித்தால் உள்ளே இருக்கும் அலுவலர் சத்தமாக அறிவிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள் என்று மிஸ் டெலோரிஸ் சொன்னார். என் பிள்ளைக்குத்தான் தட்டினார்கள்.

பிறகு அவளுடைய சத்தம் கேட்டது. "ஹீ வாஸ் சப்போஸ்ட் டு பி ஹியர்! அம்மா, அவர் வரேல்லை அம்மா!" குழந்தையாக இருந்தபோது தமிழில் அழுதவள், அன்று மறுபடியும் தமிழில் அழுதாள். ஒப்பாரி தெரியாத பிள்ளை, ஒப்பாரி வைத்தாள். நான் "அழு ராசாத்தி, அழு" என்று காருக்குள் இருந்து கத்தினேன். "அழட்டும், நான் பிடித்திருக்கிறேன்" என்றார் மிஸ் டெலோரிஸ். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார்.

அன்று இரவு ஷாலினி அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டில் கொஞ்சம் சாப்பிட்டாள். இப்போது ஒரு மனநல ஆலோசகரிடமும் போகிறாள். மார்க்கஸ் ஓட்டிய சபை வானை இனி அவள்தான் ஓட்டப் போகிறாளாம்.

நான் இங்கே, வாக்களிக்காவிட்டால் வரும் அபராதத்துக்குப் பயந்து போய், வாக்குச்சீட்டில் கண்டபடி எண்களைப் போட்டுவிட்டு, வாசலில் விற்கும் சொசேஜைச் சாப்பிட்டு வருகிறவள். இந்த முறை அப்படிப் போகவில்லை. விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து புதிதாகக் குடியுரிமை பெற்ற மூன்று குடும்பங்களோடு சேர்ந்து போனோம். அவர்கள் வெளியே வந்ததும் கைதட்டினோம். ஒரு அண்ணர் வெட்கப்பட்டுப் போய் முகத்தைத் துடைத்தார்.

ஆண்டவர் மார்க்கஸைத் திருப்பித் தரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது பொய். ஆனாலும், அன்பானவர்களே, அவரிடம் கேளுங்கள். அழகான வார்த்தை தேடாமல், வேண்டியதை அப்படியே கேளுங்கள். அவர் அனுப்பும் ஆளுக்குக் கதவைத் திறவுங்கள்.

ஷாலினிக்காகவும் ஜெபியுங்கள். அவள் சாப்பிடுகிறாள். ஆனால் மேசையில் இன்னும் இரண்டு கோப்பை வைக்கிறாள்.