சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை அன்று என் மச்சான் என் விமானத்துக்குப் பொட்டு வைத்தார். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அதனாலேயே நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

விமானம் என்றால் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் அதில் உட்காரும் அளவு. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகம் பாகமாக ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, உரசி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டியது நாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. பெட்டியோடு வரும் தாளில் எல்லாமே படம்தான், எந்தப் பாகம் எதோடு சேரும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்று அந்தத் தாள் என்னைக் கேட்பதில்லை. எனக்கு அது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் அதற்குப் பெயர் பொம்மை. "இந்த வயசுல இன்னாங்க பொம்மை?" என்பாள் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், ஆட்டோ ஓட்டுகிறார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில்தான் குடியிருக்கிறார். "மாப்ள, இதுல ஏர்போர்ட்டுக்கு சவாரி அடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். எனக்கு வாய் வராது. வருகிற கோபமெல்லாம் உள்ளேயே வெந்து கிடக்கும்.

மல்லேஸ்வரத்தில் வருடத்துக்கு ஒருமுறை இந்த மாதிரி விமானம் செய்கிறவர்கள் ஒரு ஹாலில் கூடி, செய்ததை மேசையில் வைத்துக் காட்டுவார்கள். நான் பல வருடங்களாகப் போய்ப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். நானும் செய்கிறேன் என்று சொன்னதே இல்லை. போன வருடம்தான் துணிந்து போன் போட்டுப் பெயர் கொடுத்தேன். அந்த ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

அதற்காகச் செய்தது ஒரு பழைய போர் விமானம். அதன் இறக்கையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரே சாம்பல் நிறத்தை அடித்தால் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும். கொஞ்சம் வெளுத்த சாம்பல், கொஞ்சம் கறுத்த சாம்பல் என்று பால் மாதிரி நீர்க்கக் கரைத்து, மேலே மேலே ஸ்ப்ரேயால் ஊதினால்தான் வெயிலில் கிடந்த தகடு மாதிரி வரும். பெட்டியோடு வரும் எழுத்து, வட்ட ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து, தூரிகை நுனியால் நகர்த்தி ஒட்டினேன். பூஜைக்கு முந்தின நாள் மொட்டை மாடியில் கடைசிப் பூச்சு ஊதினேன். அது பளபளப்பை எடுத்துவிடும் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரவென்று இருக்கும். எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். முழுதாகக் காயட்டும் என்று அலமாரி மேல் வைத்திருந்தேன்.

பூஜை அன்று காலையில் மனைவி என்னை வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்க அனுப்பினாள். மார்க்கெட்டில் நெருக்கித் தள்ளி வாங்கி, பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் மச்சான் ஆட்டோவுக்குப் பூஜையை முடித்து, வீட்டுக்குள் புகுந்துவிட்டார். மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் சந்தனத்தில் நின்றன. அலமாரியிலிருந்து விமானத்தையும் இறக்கியிருந்தார்.

மூக்கில் குழைத்த மஞ்சள். இரண்டு இறக்கையிலும் ஈர விரலால் இழுத்த மூன்று மூன்று சந்தனக் கோடு, நடுவில் குங்குமம். வால் மேல் சாமந்திப்பூ. அதோடு விட்டாரா? ஆட்டோவுக்குச் செய்த மாதிரியே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுங்கட்டும் என்று மேலிருந்து அமுக்கியிருக்கிறார். சக்கரத்தைத் தாங்கும் கால்கள் இரண்டும் முறிந்துவிட்டன. எலுமிச்சம்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வா மாப்ள! உன் பிளேனுக்கும் திருஷ்டி கழிச்சிட்டேன். இனிமே கீழ வுழாது" என்றார் மச்சான். "காலு மட்டும் கொஞ்சம் வீக்கு. ஃபெவிக்விக் போட்டா நின்னுக்கும்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வேண்டுமென்றே செய்திருந்தால் கையையாவது ஓங்கியிருக்கலாம்.

"இத ஏன் தொட்டீங்க மச்சான்?"

"அட, வண்டின்னா வண்டிதான? மிக்ஸிக்கே வெக்கிறோம், ஏரோபிளேனுக்கு வெக்கக்கூடாதா?"

மனைவி கற்பூரத் தட்டோடு வந்தாள். "சாமி காரியங்க. அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சிச்சி. மூஞ்சிய அப்டி வெச்சிக்காதீங்க."

"பரவால்ல" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பூசணிக்காயைத் தெருவில் போட்டு உடைக்கச் சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அவ்வளவு சத்தமாக வேறு எந்தப் பூசணிக்காயும் உடைந்திருக்காது.

கால்களை ஒட்டிவிட்டேன், கொஞ்சம் கோணலாக. கறை போகவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் மஞ்சள் பரவியது. தின்னர் தொட்டால் அடியிலிருக்கும் சாம்பலும் சேர்ந்து வரும். இறக்கை முழுவதையும் சுரண்டித் திரும்ப அடிக்க ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது. பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனால் அடுத்த வருடம் எந்த முகத்தோடு போன் போடுவது? பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாலில் ஓர் ஓரமாக மேசையில் வைத்துவிட்டு, தள்ளி நின்றேன். கூட்டத்தை நடத்துகிறவர் வந்து பார்த்தார். கண்கள் விரிந்தன. "யார் சார் இது? நீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார். தலையாட்டினேன். "என்ன ஐடியா சார்! ஆயுத பூஜை பண்ணின பிளேன்! வேற எந்த நாட்டுக்காரனுக்கும் தோணாது. இந்தக் குங்குமம் நிஜமாவே ஊறினது மாதிரி இருக்கே, எப்படிப் பண்ணீங்க?"

ஊறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். விமானத்தை முன் மேசைக்கு மாற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் அந்தக் குங்குமத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவருக்கும் அந்தச் சாம்பல் கண்ணில் படவில்லை. இத்தனை வருடம் பின்னால் நின்றவனை முன்னால் கூப்பிட்டு, என் மச்சானின் விரலைப் பாராட்டினார்கள்.

"அது நான் பண்ணலை சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்க மச்சான் பண்ணது. தொட்டுக் கெடுத்துட்டாரு. நான் பண்ணது அதுக்குக் கீழ இருக்கு."

நடத்துகிறவர் சமாளித்தார். "பரவாயில்லை சார், நல்லாத்தானே இருக்கு? அப்படியே விடுங்க."

அந்தப் 'பரவாயில்லை'தான் என்னைக் கிளப்பிவிட்டது. துண்டை மேசையில் விரித்தேன். விமானத்தைத் தூக்கி, மல்லாக்கக் கவிழ்த்து வைத்தேன். கோணல் கால்களை விட்டால், அடிப்பக்கத்தில் மச்சான் கை படவில்லை. வெளுத்த சாம்பல், எண்ணெய் வழிந்த தடம், சக்கரம் மடங்கும் குழிக்குள் நான் அடித்த பச்சை, எல்லாம் அப்படியே இருந்தது.

"என்ன சார் இது, யாராவது ஏரோபிளேனை மல்லாக்க வைப்பாங்களா?" என்றார் ஒருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"நான் வெப்பேன்" என்றேன்.

சாயங்காலம் கூட்டம் முடியும்வரை மேசையை விட்டு நகரவில்லை. திருப்பி வைக்கக் கை நீட்டியவர்களிடம் எல்லாம், "தொடாதீங்க" என்றேன்.