விளக்கெண்ணெய் தேய்த்த முழங்கால்

எங்கள் அண்ணன் பெரிய செட்டில் ஆடியது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளையும் கெடுத்தவள் நான்.

கூடலூரில் அப்போது சடுகுடுவுக்கு இரண்டு செட்டு உண்டு. பொடியன்களின் சின்ன செட்டில் அண்ணனைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. பெரிய செட்டிலோ இடம் கிடையாது. யாராவது ஒழிந்தால்தான் உண்டு. மூன்று வருஷம் காத்திருந்தான். கடைசியில் வெள்ளைக்காரன் ஜெர்மனிக்காரனோடு சண்டை போட்டதில் அவனுக்கு யோகம் அடித்தது. பெரிய செட்டில் ஒருவர் பட்டாளத்துக்குப் போக, அந்த இடத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டார் மாமா. அம்மாவின் தம்பியான அவர்தான் செட்டுக்குத் தலைவர். சிரிக்கிற வழக்கம் இல்லாத மனிதர்.

முதல் ஆட்டம் பக்கத்து ஊரான கம்பத்து ஆட்களோடு. இரண்டு நாள் முன்பு பழகும்போது விழுந்து அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மாமாவுக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார் என்று வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டாமல் நடந்து காட்டினான். எனக்கு எட்டு வயது. இரக்கத்துக்குக் குறைச்சல் இல்லை, புத்திதான் பற்றாது. ஆட்டத்தன்று மத்தியானம் அவன் அசந்து தூங்கியபோது விளக்கெண்ணெயைச் சுட வைத்து, இரண்டு கால்களிலும் தாராளமாகத் தேய்த்துவிட்டேன்.

விழித்தவன் முகம் செத்துப்போயிற்று.

"அடி பாவி, இன்னைக்கு எண்ணெய் தொடக்கூடாதுடி!"

பிடிக்கிறவர் கை வழுக்கும் என்பதால் சடுகுடுவில் எண்ணெய் என்றால் திருட்டுக்குச் சமம். வாய்க்காலில் இறங்கி, சீயக்காயும் மணலும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தான். விளக்கெண்ணெய் அவ்வளவு லேசில் விடுமா?

ஆட்டத்துக்கு முன் இரு தலைவர்களும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். "எங்க பயலுக ஒடம்புல எண்ணெய் இல்ல. ஆத்தா மேல சத்தியம்" என்று மாமா எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அண்ணன் தலைகுனிந்து நின்றான். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று வருஷ ஆசை வாயை அடைத்துவிட்டது.

இரண்டு தடவை எதிராளி பக்கம் பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். மூன்றாம் தடவை போவதற்குள் உடம்பெல்லாம் வேர்வை. கம்பத்துக்காரர் ஒருவர் அவன் காலைக் கட்டிப் பிடித்தார். பிடி வழுக்கியது, அண்ணன் கோட்டைத் தொட்டுவிட்டான். ஊரே கத்தியது, நானும் கத்தினேன். பிடித்தவர் எழுந்து தன் கையை மோந்து பார்த்தார். பிறகு அதை மாமாவின் மூக்கருகே நீட்டினார்.

"ஏலே, யாரு தேய்ச்சது?" என்று மாமா அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் பெண்கள் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"நாந்தான் மாமா."

மாமா அடிக்கவில்லை. ஆட்டத்தை அங்கேயே விட்டுக்கொடுத்தார். "என்னையப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சுட்டியேடா. இனிமே கோட்டுக்குள்ள கால வைக்காத" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ தேய்ச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிராத. அய்யா ஒன்னைய உரிச்சுருவாக" என்றான். அப்பாவின் கோபம் எனக்கும் தெரியும். சரியென்று தலையாட்டினேன்.

நாலைந்து நாள் கழித்து மாமா வந்தார். அண்ணன் வீட்டில் இல்லை. எதற்கோ வந்தவர் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அவன் அப்படிப்பட்ட பயலில்லையே. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமாத்தா?" என்றார்.

"தெரியாது மாமா."

அவர் போகவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

"தெரியாது" என்று இன்னும் அழுத்திச் சொன்னேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் அண்ணனும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் மாமா அன்றைக்கு என்னிடம் வந்தார் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.