பெரியப்பாவை நடுவராக்கிய கதை

பெரியப்பா எங்கள் படலையைத் திறந்து உள்ளே வந்த காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் முகம் கூசுகிறது. வேலிச் சண்டையில் அப்பாவோடு முறுகியவர், பக்கத்து வளவில் இருந்துகொண்டே பல வருடம் எங்கள் முற்றத்தை மிதிக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட வெளியே ஒழுங்கையில் நின்றுவிட்டுத்தான் போனார். அப்படிப்பட்டவரை நடுவராக வரச் சொன்னது எங்கள் வீட்டு வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்திராத்துக்காரர் அண்ணை.

குருநகர்க்காரர் அவர். சண்டிலிப்பாயில் எங்கள் புது வீட்டைக் கட்டினார். போர்ட்டிக்கோவுக்குக் கொங்கிரீட் தட்டுப் போட்ட கையோடு, தன் கோயில் திருநாளுக்குப் புறப்பட்டபோது, "தட்டு இறுகவேணும், நான் வாறவரைக்கும் அதைத் தாங்கிற முட்டு மரத்திலை ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எங்களுக்கோ புது வீட்டுக்குள் குடிபோகும் குடிபூரல் நாள் நெருங்கிவிட்டது. வாசல் முழுக்கத் தடியும் பலகையுமாக இருந்தால் வாழை எங்கே கட்டுவது? அப்பா கூலிக்கு ஆள் பிடித்து எல்லாவற்றையும் கழற்றுவித்தார். நானே நின்று பலகை அடுக்கினேன். குடிபூரல் முடிந்த கிழமையே தட்டு நடுவில் தொய்ந்து வெடித்தது. திரும்பி வந்த கொந்திராத்துக்காரர் அண்ணையிடம் அப்பா கண் இமைக்காமல் சொன்னார்: "உங்கடை ஆக்கள்தான் கழட்டினவை. கலவையும் சரியில்லை."

இரண்டு பேருக்கும் சம்மதமான ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று பேச்சாயிற்று. கொந்திராத்துக்காரர் அண்ணை இளைப்பாறிய எஞ்சினியர் ஒருவரைச் சொன்னார். அந்த மனிதர் என்ன படித்தவர், எப்படிப்பட்டவர் என்று அப்பா கேட்கவேயில்லை. "அவர் வேதமோ?" என்று, கிறிஸ்தவரா என்பதை மட்டும் கேட்டார். பிறகு தன் மச்சானின் பெயரைச் சொன்னார். கொந்திராத்துக்காரர் அண்ணை சிரித்துவிட்டார்.

"அப்ப உங்கடை தமையனைக் கூப்பிடுங்கோ. கட்டட வேலை தெரிஞ்சவர். என்னை அவருக்குத் தெரியாது, உங்களோடை கோபம். உவரைவிட நடுநிலையா ஆர் இருக்கினம்?"

பாவம், எங்களைத் தெரியாத மனிதர். அவர் போன பிறகு அப்பா, "நல்லாப் போய் மாட்டினான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பெரியப்பா தட்டைத் தட்டிப் பார்த்தார், வெடிப்பில் விரல் வைத்துப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், ஒரு நிமிடத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "பிள்ளை, முட்டு மரம் ஆர் கழட்டினது?" என்றார். கொந்திராத்துக்காரர் அண்ணையும் என்னைத்தான் பார்த்தார். அவருடைய ஊர்த் தேவாலயத்துக்குப் பங்கு மண்டபம் கட்டும் வேலை அவருக்கு வர இருந்தது. இங்கே பெயர் கெட்டால் அது போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து அப்பா பெரியப்பாவிடம், "அண்ணை, உள்ளுக்கு வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார். குரல் உடைந்திருந்தது. பெரியப்பாவின் கண்ணும் கலங்கிவிட்டது. நான் அந்தச் சாட்டோடு தேத்தண்ணி போடப் போனேன்.

குடித்து முடித்து வெளியே வந்த பெரியப்பா, "கொந்திராத்துக்காரர்தான் பொறுப்பு. உடைச்சுத் திரும்பப் போடவேணும்" என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கொந்திராத்துக்காரர் அண்ணை வாதாடவில்லை. சொன்னபடி தன் செலவில் உடைத்து, திரும்பப் போட்டார். மண்டபம் வேறொருவருக்குப் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் இப்போது பின்னேரத்தில் அந்தப் போர்ட்டிக்கோவில் ஒன்றாக இருந்து ஊர்க்கதை கதைக்கிறார்கள். பார்க்கிறவர்கள், கடவுள் புண்ணியத்தில் குடும்பம் ஒன்றாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம் போகவே மனம் வருவதில்லை.

புதுத் தட்டுப் போட்ட அன்று சாமான்களை ஏற்றிவிட்டுக் கொந்திராத்துக்காரர் அண்ணை என்னிடம் வந்தார். கோபத்தில் இரண்டு வார்த்தை ஏசினால் நல்லது என்றிருந்தது எனக்கு.

"பிள்ளை, முட்டு மரத்தை நான் வந்துதான் கழட்டுவன். அதுவரைக்கும் இதுக்குக் கீழை இருக்க வேண்டாமெண்டு அப்பாட்டையும் பெரியப்பாட்டையும் சொல்லுங்கோ. ஆபத்து."

"ஓம் அண்ணை" என்றேன்.