நுரை ஒயினுக்கு ஜோடி யார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் போதையில் இருந்தேன்.

நானே சொல்லிவிடுவது நல்லது. போர்ட் பிளேர் சின்ன ஊர்... எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

எல்லாம் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியால் வந்த வினை. பெங்களூரு கல்யாண ரிசப்ஷனில் டிரை ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது இனிப்பில்லாத நுரை ஒயின் ருசித்த கதையை இங்கே அளந்திருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? உண்மை என்னவென்றால் — கிளாஸைக் கையில் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

ஆனால் சாந்தி நம்பிவிட்டாள். இங்கே பக்கத்தில் புரோத்ராபூரில் மெஸ் நடத்துகிறவள். ஸ்கூட்டியில் மூன்று டப்பாக்களும் ஒரு பாட்டிலுமாக வந்து இறங்கினாள்.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். நாளைக்கு ரிசார்ட்ல பார்ட்டி. இந்த ஒயினோட குடுக்க வேண்டிய சீஸ் கீஸெல்லாம் மெயின்லேண்ட்ல இருந்து வரணும். ஜஹாஜ் லேட்டு, கப்பல் இன்னும் வந்து சேரல. 'குச் பி பனாவோ, எதையாவது பண்ணு, ஆனா ஒயினுக்கு மேட்ச் ஆகணும்'னுட்டாரு மேனேஜர். கெஸ்ட்டுக்குப் பிடிச்சா சீசன் முழுக்க ஸ்நாக்ஸ் ஆர்டர் எனக்குத்தான்."

"நீயே ஒரு வாய் குடிச்சுப் பாரேன்."

"நானா? வாசனைக்கே தலை சுத்தும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. எழுதியிருந்தீங்களே."

மாட்டிக்கொண்டேன். இனிமேல் போய் 'அது சும்மா' என்று சொல்ல முடியுமா?

மேடு பள்ளமெல்லாம் குலுங்கி வந்த பாட்டில் அது. இருவருக்குமே உறைக்கவில்லை. கழுத்துக் கம்பியைத்தான் முறுக்கினேன்... டமால். கார்க் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பாதி ஒயின் சுவர்க் காலண்டருக்கு அபிஷேகமாகிவிட்டது. மிச்சப் பாதியில்தான் சாந்தியின் சீசன்.

முதல் மடக்கு. இனிப்பு என்பதே இல்லை. சுருக்கென்று ஒரு புளிப்பு, மூக்கு வரை ஏறும் கேஸ். கோலி சோடாவில் பச்சை ஆப்பிளைப் பிழிந்த மாதிரி. இதற்கா இவ்வளவு பில்டப்?

கேசரி ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் குடித்தேன். ஒயின் வினிகராகிவிட்டது. "பிரமாதம்" என்றேன். அடுத்து கார இறால் தொக்கு. குமிழியும் மிளகாயும் கைகோத்து நாக்கில் பட்டாசு வெடித்தன, கண்ணில் தண்ணீர். "ஃபென்டாஸ்டிக்." மூன்றாவது, அரிசி மாவு புரட்டி மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி. உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். "இதுவும் பரவாயில்லை" என்றேன்.

இரண்டாவது கிளாஸில் திராட்சை சாகுபடி பற்றி லெக்சர் கொடுத்தேன். மூன்றாவதில் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய என் கணவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த வாரப் பத்திக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கடைசியில் தீர்ப்பு சொன்னேன். "கேசரிதான். கண்ண மூடிக்கிட்டுக் குடு." ரிசப்ஷனில் கேக்கோடு கொடுத்தார்களே, அந்த ஒரே ஆதாரம்தான். சாந்தி தலையாட்டிவிட்டு டப்பாக்களை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் போதை தெளிந்தது. அந்த வினிகர் ருசி நாக்கில் நினைவாக நின்றது. ஐயோ, என் ஜம்பத்துக்கு அவள் ஆர்டரைப் பலி கொடுத்துவிட்டேனே. போன் போட்டால் நெட்வொர்க் இல்லை. மறுநாள் முழுக்கப் போட்டேன். நம்ம தீவு நெட்வொர்க்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள், முகமெல்லாம் பல்லாக. "ஆர்டர் பக்கா அக்கா."

"கேசரி பிடிச்சுதாமா?"

"கேசரியா? நான் நெத்திலிதானே கொண்டுபோனேன். தட்டுத் தட்டா காலி."

"நான் கேசரின்னுதானே சொன்னேன்?"

"வாய் சொல்லிச்சு. மெஸ்ல சாப்பாடு எப்படின்னு கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க, அத நம்பினா கடைய மூட வேண்டியதுதான். ஒவ்வொரு மடக்குக்கும் உங்க கை எங்க போச்சுன்னு பார்த்தேன். நெத்திலி டப்பால தூள்கூட இல்ல. கேசரி வச்சது வச்சபடி இருந்துச்சு."

யோசித்தால் புரிகிறது. எண்ணெயும் உப்பும் நாக்கில் படிய, அந்தப் புளிப்பு வந்து கழுவிவிடுகிறது. உடனே இன்னொரு நெத்திலி கேட்கிறது. எழுதிக் கிழிக்கிற எனக்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து ரெட் ஒயின் பார்ட்டியாம். சாந்தி இப்போதே சொல்லிவிட்டாள்: "நீங்க பேசவே வேணாம் அக்கா, சாப்பிட்டா போதும்."